விக்கி மென்பொருள்: தெரிவுக்கு முன் சிந்திக்க வேண்டியவை

முப்பது ஆண்டுகள் கற்பித்த ஆசிரியர் ஒருவர் ஓய்வு பெறும்போது, அவர் தேடித் தொகுத்த குறிப்புகளும் அவருடனேயே பாடசாலையை விட்டுச் சென்றுவிடுகின்றன. எமது சனசமூக நிலையங்கள், பள்ளிவாசல் நிர்வாகங்கள், கூட்டுறவுச் சங்கங்கள் ஆகியவற்றின் நிலையும் பெரும்பாலும் இதுவே. இக்குறையைப் போக்கவல்ல கருவிகளுள் ஒன்றே விக்கி.

1995ஆம் ஆண்டு அமெரிக்கரான வார்ட் கன்னிங்ஹாம் முதலாவது விக்கித் தளத்தை வெளியிட்டார். ஹவாய் மொழியில் 'விக்கி' என்பது விரைவைக் குறிக்கும். ஒரே பக்கத்தைப் பலரும் எழுதலாம், திருத்தலாம். இன்றைய விக்கிகளில் மாற்றங்கள் யாவும் பதிவாவதால், தவறு நேரின் முந்தைய வடிவத்தை மீட்பதும் எளிது.

எந்த மென்பொருளைத் தெரிவு செய்வது? விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி, பெரும் பொதுத் தொகுப்புகளுக்கு உகந்தது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்ட இழப்பைச் சுமந்த எமது மண்ணின் நூல்களை, 2005 முதல் இணையத்தில் ஆவணப்படுத்திவரும் நூலகம் திட்டமும் இதனையே பயன்படுத்துகின்றது. எனினும், சில பக்கங்களைச் சிலர் மாத்திரமே வாசிக்க வேண்டும் என்ற தேவைக்காக அது வடிவமைக்கப்பட்டதன்று.

அத்தகைய கட்டுப்பாடு வேண்டுவோர்க்கு, 2004இல் வெளிவந்த டொகுவிக்கி பொருத்தமானது. தரவுத்தளம் எதுவுமின்றி, சாதாரண உரைக் கோப்புகளாகவே அது பக்கங்களைச் சேமிக்கின்றது. ஆகவே, கோப்புறையைப் பிரதி எடுத்தாலே காப்புப் பிரதி ஆயத்தமாகிவிடும். சிறிய பாடசாலையொன்றுக்கு இதுவே போதுமானது. இவ்விரண்டும் கட்டணமற்ற, கட்டற்ற மென்பொருள்களாகும்.

பிறர் நடத்தும் சேவையில் கணக்குத் திறப்பது இதனிலும் இலகுவானதே. ஆயினும், உலகெங்கும் ஆசிரியர்கள் பயன்படுத்திய விக்கிஸ்பேசஸ் சேவை, 2018இல் தனது தளங்களை மூடத் தொடங்கியமை நினைவிற் கொள்ளத்தக்கது. உரிய காலத்தில் பிரதி எடுக்காதோர் தமது உழைப்பை இழக்க நேரிடும் என்பதே அது புகட்டிய பாடம்.

எனவே, தெரிவுக்கு முன் மூன்று வினாக்களை எழுப்புதல் நன்று. உள்ளடக்கம் முழுவதையும் வெளியே எடுக்க இயலுமா? தமிழில் எழுதவும் தேடவும் தடையில்லையா? மென்பொருளை இற்றைப்படுத்தவும் காப்புப் பிரதி எடுக்கவும் பொறுப்பானவர் யார்? மூன்றாவது வினாவுக்கு விடை இல்லாதவிடத்து, எத்தகைய சிறந்த மென்பொருளும் பயன் தராது. பொறுப்பாளர் ஒருவரை நியமித்த பின்னரே மென்பொருளைத் தேடுவது உசிதமென நாம் கருதுகின்றோம்.