ஓட்டத்தின் இலக்கணம்: ஸோனிக்கும் ஒரு வழிநூலும்

வீடியோ கேம் பற்றியெல்லாம் இங்கே எழுதுவானேன் என்று சிலர் முகம் சுளிக்கலாம், சுளிக்கட்டும். மரபு, மீட்பு, மறுவாசிப்பு என்று நாம் ஓயாமல் பேசுகிறோமே, அந்தப் பேச்சுக்குள் கிடக்கும் ஒரு சிக்கலை ஒரு நீல முள்ளெலியின் கதை நன்றாகவே திறந்து காட்டுகிறது. பழைய பிரதி ஒன்றை மீட்டெடுத்தோம் என்கிறபோது மீட்கப்படுவது அதன் உருவமா, அதை இயக்கிய விதிகளா?

1991இல் ஜப்பானின் ஸேகா நிறுவனம் தன் ‘மெகா டிரைவ்’ கருவிக்காக ‘ஸோனிக் தி ஹெட்ஜ்ஹாக்’ ஆட்டத்தை வெளியிட்டது. நிரல் எழுதியவர் யூஜி நாகா. உருவம் வரைந்தவர் நவோட்டோ ஓஷிமா. தளங்களை வகுத்தவர் ஹிரோகாஸு யாசுஹாரா. மேடு விட்டு மேடு தாவி, பள்ளத்தில் விழாமல் போய்க்கொண்டே இருக்கும் ‘பிளாட்பார்ம்’ வகை ஆட்டம். 1985இன் ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ ஆட்டத்தில் வேகம் ஒரு பொத்தானில் இருந்தது: அழுத்தினால் ஓட்டம், விட்டால் நடை. ஸோனிக்கில் வேகத்தைத் தருவது நிலம். சரிவில் இறங்கினால் கூடும், ஏறினால் குறையும், உடம்பைச் சுருட்டிப் பந்தாக உருண்டால் இறக்கத்தில் இன்னும் கூடும். ஆனால் உருளும்போது ஆட்டக்காரரால் வேகத்தைக் கூட்ட முடியாது. நிலத்தை நம்பித்தான் ஆகவேண்டும். சாய்வான தரையிலிருந்து எம்பினால் நேர் மேலே போகாமல் அந்தத் தரைக்குச் செங்குத்தாகப் பாய்கிறது அந்த உருவம். ஆக, சரிவு என்பது இந்தப் பிரதியில் ஒரு வினைச்சொல். கண்மண் தெரியாத வேகம்தான் ஸோனிக் என்று விளம்பரங்கள் கட்டமைத்த பிம்பம் இந்த இலக்கணத்தை மூடிவிட்டது என்பது வேறு விஷயம்.

2010இல் ‘ஸோனிக் 4: முதல் பாகம்’ வந்தது. எண்ணைக் கவனியுங்கள். 1994இன் ‘ஸோனிக் 3’க்கு நான்தான் நேர் வாரிசு என்கிற உரிமைகோரல் அந்த நான்கில் இருக்கிறது. உள்ளே போனால் பழைய தளங்களின் சாயல்கள்தாம்: பச்சைக் குன்று, சூதாட்ட விடுதி, நீர் நிறைந்த சிக்கல்பாதை, இயந்திரக் கூடம். குறிப்பான்கள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. விதிகளைக் காணோம். தாவிக்கொண்டிருக்கையில் திசைப் பொத்தானிலிருந்து விரலை எடுத்தால் முன்னோக்கிய வேகம் சட்டென்று செத்துவிடுகிறது. செங்குத்தான சுவரில் ஸோனிக் விழாமல் சும்மா நின்றுகொண்டிருக்க முடிகிறது! சொற்களை மனப்பாடம் பண்ணிக்கொண்டு இலக்கணத்தைத் தொலைத்தவர் பேச்சு மாதிரி. 2012இல் இரண்டாம் பாகம் வந்தது; மூன்றாவது வரவே இல்லை.

இதை நேர்செய்தவர்கள் நிறுவனத்துக்கு வெளியிலிருந்து வந்தவர்கள். ஆஸ்திரேலியரான கிறிஸ்டியன் வைட்ஹெட் ஒரு ரசிகர். 1993இன் ‘ஸோனிக் சிடி’ ஆட்டத்தை ஐபோனில் ஓட்டி 2009இல் காட்டினார். வழக்குப் போட்டிருக்கக்கூடிய நிறுவனம் அவரையே வேலைக்கு அமர்த்தி, அவருடைய நிரல் எந்திரத்தில் 2011இல் அதை முறைப்படி வெளியிட்டது. 2017இல் அவரும் ஹெட்கேனன், பகோடாவெஸ்ட் என்னும் குழுக்களும் சேர்ந்து செய்தது ‘ஸோனிக் மேனியா’. வாசகர் எழுத்தாளராவது பற்றிய கோட்பாடுகளை நாம் மேற்கோள் காட்டிக்கொண்டிருக்க, இங்கே அது நடந்தே விட்டது.

முதல்நூலின் முடிவுகளை ஏற்றுக்கொண்டு, பின்னால் வருபவர் தமக்கு வேண்டிய வேறுபாடுகளையும் சேர்ப்பதை நம் இலக்கணிகள் வழிநூல் என்றார்கள். மேனியா அசல் வழிநூல். சரிவும் உருளலும் பழையபடியே இருக்கின்றன. சேர்த்தது ஒரு புதிய அசைவு: காற்றில் இருக்கும்போதே தாவும் பொத்தானை மறுபடி அழுத்திப் பிடித்திருந்தால், தரையைத் தொட்ட கணமே உருண்டு பாயலாம். 1992இல் இரண்டாம் ஆட்டம் தந்த, நின்ற இடத்தில் சுழன்று கிளம்பும் அசைவின் தர்க்கரீதியான அடுத்த படி இது. திரையும் அகன்றிருக்கிறது: மெகா டிரைவில் 320 புள்ளி அகலம், இதில் 424. எதிரே முள் இருப்பது தெரியாமல் போய் மோதும் பழைய எரிச்சல் கணிசமாகக் குறைகிறது.

ஆனால் பன்னிரண்டு தளங்களில் எட்டு பழையவை. முதல் பகுதியில் தெரிந்த பாதை, இரண்டாவதில் அதன் திரிபு என்று சாமர்த்தியமாகத்தான் செய்திருக்கிறார்கள். ஒரு தளத்தின் முடிவில் வில்லனோடு மோதப் போனால், திடீரென்று அவரோடு 1993இன் ‘மீன் பீன் மெஷின்’ என்ற புதிர் ஆட்டத்தை ஆட வேண்டியிருக்கிறது. அதுவே ‘புயோ புயோ’ என்ற ஜப்பானிய ஆட்டத்துக்கு வேறு முகம் ஒட்டியது. பிரதிக்குள் பிரதி, அதற்குள் இன்னொன்று. சிரித்துவிட்டேன். என்றாலும் ஸ்டூடியோபோலிஸ் போன்ற நான்கு புதுத் தளங்களில் தெரிகிற தைரியத்தைப் பார்க்கும்போது, மீதி எட்டில் நிறுவனத்தின் நினைவேக்க வியாபாரம் கையைக் கட்டிப்போட்டதோ என்று தோன்றுகிறது. ஆயுள் எண்ணிக்கை, பகுதிக்குப் பத்து நிமிடக் கெடு எல்லாவற்றையும் மரியாதையோடு அப்படியே வைத்திருக்கிறார்கள்.

அந்த மரியாதை மூலத்தின் உடைமையாளருக்கு இல்லை. 2022இல் ‘ஸோனிக் ஆரிஜின்ஸ்’ என்ற தொகுப்பு வருவதற்கு முன்பு, பழைய நான்கு ஆட்டங்களின் தனிப் பதிப்புகளை ஸேகா பெரும்பாலான இணையக் கடைகளிலிருந்து எடுத்துவிட்டது. தொகுப்பில் புதுமுறை ஆட்டத்துக்கு ஆயுள் எண்ணிக்கை கிடையாது. மூன்றாம் ஆட்டத்தின் சில தளங்களுக்குப் பழைய இசையும் இல்லை, வேறு இசை. பாடபேதம் பார்க்க விரும்புகிறவர் இனி பழைய அட்டைப்பெட்டிகளைத் தேடி அலைய வேண்டும், இல்லையென்றால் ரசிகர்கள் கள்ளத்தனமாகப் பாதுகாத்து வைத்திருக்கும் படிகளைத்தான் நாட வேண்டும்.