அளவை வெளியிட்டால் பாகம் பிறக்கும்

லேப்டாப்பில் ஒரு யூஎஸ்பி துளை பழுதானால் பல மாடல்களில் மதர்போர்டையே மாற்றச் சொல்கிறார்கள். துளை போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருப்பதுதான் காரணம். 2021-ல் அமெரிக்காவின் ஃப்ரேம்வொர்க் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த லேப்டாப் இந்த வழக்கத்தை மாற்றியது. இரு பக்கமும் இரண்டிரண்டாக நான்கு குழிகள். ஒவ்வொன்றிலும் மூன்று சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு கார்டு. யூஎஸ்பி-ஏ, எச்டிஎம்ஐ, கூடுதல் சேமிப்பு என எது தேவையோ அந்தக் கார்டைச் செருகிக்கொள்ளலாம். வெளிமுகம் எதுவானாலும், உள்ளே எல்லாக் கார்டும் ஒரே யூஎஸ்பி-சி முனையில்தான் இணைகின்றன.

கழற்றி மாற்றத்தக்க பாகங்களால் ஒரு பொருளை அமைக்கும் இந்த முறைக்கு மாடுலர் வடிவமைப்பு என்று பெயர். முறை பழையதுதான். ஃப்ரேம்வொர்க் செய்த பெரிய காரியம், கார்டின் வரைபடக் கோப்புகளைத் திறந்த உரிமத்தில் எல்லோருக்கும் கொடுத்தது.

அது ஏன் பெரிது? பிளாஸ்டிக் பாகத்தை ஆலையில் வார்க்க எஃகு மோல்டு வேண்டும். அதற்கு லட்சக்கணக்கில் செலவாகும். ஆயிரக்கணக்கில் வார்த்தால்தான் கட்டுபடியாகும். ஐம்பது பேருக்கு மட்டும் தேவைப்படும் கார்டை எந்த ஆலையும் தொடாது. 3டி பிரிண்டருக்கு மோல்டே வேண்டாம். ஒன்று அச்சிட்டாலும் ஐம்பது அச்சிட்டாலும் ஒரு துண்டின் செலவு ஏறக்குறைய ஒன்றுதான். வரைபடமும் கையில் இருந்தால் அந்த ஐம்பது பேருக்கும் வழி பிறக்கிறது.

ஆனால் கோப்பை இறக்கி பொத்தானை அழுத்தினால் போதும் என்று எண்ணிவிடக் கூடாது. குழியின் அளவுக்கே கார்டின் கூட்டை வரைந்தால் அது உள்ளே போகாது. உருகி விழும் பிளாஸ்டிக் ஓரங்களில் சற்றுப் பிதுங்கும். அதனால் பக்கத்துக்கு 0.1 அல்லது 0.2 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு வரைய வேண்டும். அதற்கு மேல் போனால் கார்டு ஆடும். வளைந்து பூட்டும் கொக்கி இருந்தால் அதைப் படுக்கவைத்து அச்சிட வேண்டும். நிறுத்தி அச்சிட்டால் அடுக்குக்கும் அடுக்குக்கும் இடையிலுள்ள பிடிப்பு தாங்காமல், சில முறை அழுத்தியதும் ஒடிந்துவிடும். உள்ளே போகும் மின்சுற்றுப் பலகையையும் வீட்டில் அச்சிட முடியாது. கோப்பை அனுப்பிச் செய்து வாங்க வேண்டும்.

ஃப்ரேம்வொர்க் கார்டோடு நிற்கவில்லை. 2022-ல் வந்த அதன் புதிய இன்டெல் மதர்போர்டும், 2023-ல் வந்த ஏஎம்டி மதர்போர்டும் 2021 லேப்டாப்பின் உடலிலேயே பொருந்தின. கழற்றிய பழைய போர்டு வீணாகாதபடி, அதைச் சிறிய மேசைக் கணினியாக்கும் கூட்டின் 3டி கோப்பையும் நிறுவனமே வெளியிட்டது. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. குப்பைக்குப் போயிருக்க வேண்டிய போர்டு, ஒரு சுருள் பிளாஸ்டிக்கின் சிறு பங்கைக் கொண்டு இன்னும் பல ஆண்டுகள் உழைக்கும்.

பாகங்களைக் கழற்றி மாற்றும் போனாக எண்ணப்பட்ட கூகுளின் ஆரா திட்டத்துக்கு இப்படி நிலையான இணைப்பு அமையவில்லை. 2013-ல், அப்போது கூகுள் வசம் இருந்த மோட்டோரோலா அதை அறிவித்த சில வாரங்களிலேயே, பாகங்களின் கூடுகளை அச்சிட 3டி சிஸ்டம்ஸ் நிறுவனம் கைகோத்தது. ஆனால் பாகங்களைப் பிடித்து நிறுத்தும் முறை நிலைகொள்ளவில்லை. முதலில் காந்தம் என்றார்கள், பிறகு அதைக் கைவிட்டார்கள். 2016-ல் காட்டிய வடிவத்திலோ திரையும் பிராசசரும் கழற்றவே முடியாதபடி உடலோடு சேர்ந்துவிட்டன. அதே ஆண்டு திட்டம் நின்றது. காரணங்கள் வேறும் இருக்கலாம். ஆனால் இணைப்பு மாறிக்கொண்டே இருந்தால் வெளியார் எதை நம்பிப் பாகம் செய்வார்கள்?

இணைப்பின் அளவை நிலையாக வைத்து வெளியிடுவது நிறுவனத்தின் நல்லெண்ணத்தை மட்டும் நம்பி இருக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. 2024-ல் ஐரோப்பிய ஒன்றியம் நிறைவேற்றிய பழுதுநீக்க உரிமைச் சட்டம் பாதி வழி வந்திருக்கிறது. பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்ட 3டி அச்சுப் பாகங்களை வெளி மெக்கானிக்குகள் பயன்படுத்துவதை உற்பத்தியாளர் தடுக்கக் கூடாது என்கிறது அது. துணி துவைக்கும் இயந்திரம், குளிர்பதனப் பெட்டி, கைபேசி ஆகியவை அதன் பட்டியலில் உண்டு. லேப்டாப்பைச் சேர்க்காமலே அதை நிறைவேற்றினார்கள். அடுத்த திருத்தத்தில் லேப்டாப்பும் இடம்பெற வேண்டும், பாகங்களின் வரைபடத்தைக் கொடுக்கும் கடமையோடு.