கருத்துச் செறிவும் முதுமை மூளையும்

முதுமையிற் சிந்தனைத் திறன் குன்றுதற்கு மூளையின் அமைப்பில் நிகழும் மாற்றங்களே காரணம் என்பது பொதுவான கொள்கை. அம்மாற்றங்கட்கும் ஒருவர் இளமையில் எழுதிய உரைநடைக்கும் தொடர்பு உண்டோ என்னும் வினா மொழியாராய்ச்சியாளர்க்கும் உரியது. அமெரிக்க நாட்டு ஆராய்ச்சியொன்று இவ்வினாவை எழுப்பிற்று.

டேவிட் சுனோடன் என்பார் 1986-இல் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் இவ்வாராய்ச்சியைத் தொடங்கினார். 75 முதல் 102 வரை அகவையினரான 678 கத்தோலிக்கப் பெண் துறவியர் இதற்கு இசைந்தனர். காலந்தோறும் நினைவாற்றற் சோதனைக்கு உட்படவும், இறந்தபின் தம் மூளையை ஆய்வுக்கு அளிக்கவும் அவர் உடன்பட்டனர். உணவு, உறைவிடம், வாழ்க்கைமுறை ஆகியவை பெரிதும் ஒத்திருந்தமையின், அவரை ஒப்புநோக்குதல் எளிதாயிற்று.

அவருள் 93 பேர் ஏறத்தாழ 22-ஆம் அகவையில், துறவுநிலை ஏற்குமுன் எழுதிய தன்வரலாறுகள் மடங்களிற் கிடைத்தன. அவற்றின் 'கருத்துச் செறிவு' கணக்கிடப்பெற்றது. பத்துச் சொற்களில் எத்துணைக் கருத்துகள் அடங்கியுள்ளன என்பதே இவ்வளவை. 1996-இல் முடிவுகள் வெளிவந்தன. அதற்குள் இறந்த 14 துறவியருள், இளமையிற் செறிவு குறைய எழுதியோர் அனைவர் மூளையிலும் அல்சைமர் நோய் காணப்பெற்றது. செறிவுற எழுதியோர் எவர் மூளையிலும் அது காணப்பெறவில்லை.

இதுகொண்டு, செறிவுற எழுதுதல் நோயைத் தடுக்கும் எனக் கோடல் பொருந்தாது. நடை காரணமோ, முன்னரே அமைந்த மூளைநிலையின் அறிகுறியோ என்பது இதனால் துணியப்படவில்லை. பதினால்வர் என்பதும் சிறு தொகையே. மேலும், 101 அகவை வரை வாழ்ந்த மேரி என்னும் துறவியின் மூளையில் அந்நோய்க்குரிய புரதப் படிவுகளும் நரம்பிழைச் சிக்கல்களும் மிகுந்திருந்தன. ஆயினும் இறுதிக்காலச் சோதனைகளில் அவர் அறிவு தெளிவாகவே விளங்கிற்று. எனவே, மூளையின் சிதைவளவும் சிந்தனையின் குறைவளவும் எப்போதும் ஒத்துச் செல்வதில்லை என்பது தெளிவு.

இனி, இவ்வளவையைத் தமிழுக்குக் கொள்ளுமிடத்து எழும் இடர்ப்பாடு நம்மாற் கருதற்பாலது. 'வீட்டிற்கு வராதவனும்' என்னும் தொடரை நோக்குக. வருதல், அதன் மறுப்பு, செல்லிடம், எண்ணும்மைப் பொருள் என நான்கு கருத்துகள் இரு சொற்களில் அடங்கின. இதனை ஆங்கிலத்திற் பெயர்ப்பின் ஒன்பது சொற்கள் வேண்டும். வேற்றுமை, எதிர்மறை, உம்மை ஆகியன அம்மொழியிற் பெரும்பாலும் தனிச்சொற்களாய் நிற்க, தமிழில் அவை ஒரு சொல்லின் உறுப்பாய் அமைதலே இதற்குக் காரணம். ஆகவே சொற்களை எண்ணிச் செறிவு காணின், தமிழர் அனைவரும் செறிவுற எழுதுவோராகவே தோன்றுவர். நலிவுற்றோரைப் பிரித்தறிதல் இயலாது.

சொல்லை விடுத்து உருபனை அலகாகக் கொள்ளுதல் ஒரு வழி. அவ்வாறு கொள்ளினும், பால்காட்டும் விகுதியைத் தனிக்கருத்தாக எண்ணுவதோ, சாரியையை விலக்குவதோ, 'வந்துவிட்டான்' என்புழித் துணைவினையை எங்ஙனம் கொள்வதோ என்பன முதலில் வரையறுக்கப்பெறல் வேண்டும். இவ்வரையறை மருத்துவர் தனித்துச் செய்யத்தக்கதன்று. இலக்கணம் பயின்றார் கடனாகும். அளவை பிழைபடின், நலமுடைய முதியோர் நோயாளராகவும், நோயுற்றோர் நலமுடையராகவும் கருதப்பெறுவர்.