மகன் கேட்கும் மோட்டார் சைக்கிள்

மும்பையிலும் அதன் புறநகர்களிலும் வாழும் நம்மவர் இல்லங்களில், மகனுக்கு முதல் உத்தியோகம் கிடைத்ததும் எழுகின்ற முதல் வழக்கு பெரும்பாலும் மோட்டார் சைக்கிளைப் பற்றியதாகவே இருக்கிறது. தந்தையார் சிக்கனமான வண்டியைச் சொல்லுகிறார். மகனோ பந்தய வண்டியின் சாயல் கொண்டதைக் கேட்கிறான். மின்சார ரயில் இருக்கும்போது இரண்டுமே எதற்கு என்கிறார் தாயார். மூவர் பேச்சிலும் நியாயம் உண்டு. ஆயினும் மூவரும் வண்டியைப் பற்றிப் பேசுகிறார்களே அன்றி, அது நாள்தோறும் ஓடவேண்டிய பாதையைப் பற்றியோ, அதன் பின்னிருக்கையில் யார் அமரப் போகிறார்கள் என்பதைப் பற்றியோ பேசுவதில்லை.

இந்த வழக்கு புதியதன்று. 1983-ஆம் ஆண்டில் யமஹாவின் வடிவமைப்பில் ராஜ்தூத் 350 என்னும் வண்டி நம் நாட்டில் விற்பனைக்கு வந்தது. வேகத்தில் அதற்கு அன்று இணையில்லை. பெட்ரோல் குடிப்பதிலும் அப்படியே. இரண்டே ஆண்டுகளில், 1985-இல், ஹீரோ ஹோண்டாவின் 100 சி.சி. வண்டி வந்தது. குடும்பஸ்தர்கள் அதன் பக்கம் சாய்ந்தனர். ராஜ்தூத் 350 அப்பத்தாண்டு முடிவதற்குள் ஓய்ந்தது. அன்று அதை வாங்கத் தயங்கிய தலைமுறையே இன்று அதன் பெருமையை வாய் ஓயாமல் பேசுகிறது என்பது வேறு விஷயம். பின்னர் 2001-இல் பஜாஜின் பல்ஸரும், 2008-இல் யமஹாவின் ஆர்15-உம் வந்து, விரைவு வண்டிகளுக்கும் நம் நாட்டில் இடமுண்டு என்பதைக் காட்டின.

ஹீரோவின் ஸ்ப்ளெண்டரையும் யமஹாவின் ஆர்15-ஐயும் அருகருகே நிறுத்திப் பார்ப்போம். முன்னது 97 சி.சி., எடை 112 கிலோ, நான்கு கியர். பின்னது 155 சி.சி., எடை ஏறத்தாழ 140 கிலோ, ஆறு கியர். ஸ்ப்ளெண்டரின் எஞ்சின் தரும் குதிரைத் திறன் ஏறத்தாழ 8. ஆர்15 தருவது 18-க்கு மேல். இந்தக் கணக்கைக் கேட்டவுடன் இளைஞர்களின் கண்கள் விரிகின்றன. ஆனால் அந்தப் பதினெட்டும் வெளிப்படுவது எஞ்சின் நிமிடத்துக்கு 10,000 சுற்றுகள் சுற்றும்போதுதான். செம்பூரிலிருந்து அந்தேரிக்குக் காலை ஒன்பது மணிக்குச் செல்பவரின் வண்டி, பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் நடுவே, அதில் பாதிச் சுற்றைக்கூட எட்டுவது அரிது. குதிரைகள் பதினெட்டும் லாயத்திலேயே நிற்கின்றன. தீனிச் செலவு மட்டும் நம்முடையது.

வேகமாகப் போகத்தக்க சாலைகள் இந்நகரில் இல்லாமலில்லை. ஆனால் அவற்றில் பலவற்றில் இருசக்கர வண்டிகளுக்கு அனுமதியில்லை. புனே விரைவுச் சாலை, 2009-இல் திறந்த பாந்திரா–வொர்லி கடற்பாலம், 2024-இல் திறந்த அடல் சேதுவும் கரையோரச் சாலையும் என்று எதை எடுத்தாலும் மோட்டார் சைக்கிளுக்குக் கதவு மூடியே இருக்கிறது. இதை அறிந்த பின்னரும் உச்ச வேகத்தை எண்ணி ஒருவர் வண்டி வாங்குவாரானால், அவரிடம் நான் வாதாடப் போவதில்லை.

அமரும் முறையும் கவனிக்கத்தக்கது. விரைவு வண்டியின் கைப்பிடி தாழ்ந்தும் கால்மிதி பின்தள்ளியும் இருக்கும். உடல் முன்னோக்கிக் குனிவதால் காற்றின் தடை குறையும். வேகத்தில் எதிர்க்காற்றே மார்பைத் தாங்கும். மெதுவாகச் செல்லும்போதோ தாங்கக் காற்றில்லை. பாரம் முழுவதும் மணிக்கட்டில் இறங்குகிறது. மழைக்காலக் குழிகளில் ஒவ்வோர் அதிர்ச்சியும் அங்கேயே போய்ச் சேரும். இருபத்திரண்டு வயதில் இது வேடிக்கையாக இருக்கலாம். நாள் முழுதும் நாற்காலியில் குனிந்து எழுதிவிட்டு, திரும்பும் வழியிலும் குனிந்தே வருபவருக்கு அவ்வாறு இராது.

இனிப் பின்னிருக்கை. சட்டம் இதனை மறக்கவில்லை. பின்னால் அமர்பவருக்குப் பிடிமானமும், கால்மிதியும், சக்கரத்தில் துணி சிக்காமல் பாதிச் சக்கரத்தையேனும் மறைக்கும் காப்பும் வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-ஆவது விதி கூறுகிறது. நம் பெண்மணிகள் இதனைச் சேலை கார்டு என்பார்கள். அழகு கெடுகிறது என்று இதைக் கழற்றிப் பரணில் வைக்கும் பிள்ளைகள் உண்டு. முந்தானை சக்கரத்தில் சுற்றிக்கொண்டால் விளைவது என்ன என்பதை அவர்களுக்கு வீட்டார் எடுத்துச் சொல்லவேண்டும். விரைவு வண்டிகளில் பின்னிருக்கை உயரமாகவும் ஒடுக்கமாகவும் அமைந்திருப்பதால், சேலை அணிந்து ஒருபுறமாக அமர்வது இயலாத காரியம் என்றே சொல்லலாம். நான்கு வயதுக்குட்பட்ட குழந்தையை ஏற்றிச் செல்பவர் அதற்குப் பாதுகாப்புப் பட்டையும் தலைக்கவசமும் அணிவித்து, மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மிகாமல் செல்லவேண்டும் என்று 2022-இல் விதி வகுக்கப்பட்டது. வீட்டில் குழந்தை இருப்பவர்களுக்கு இந்த ஒரு விதியே போதும், எந்த வண்டி என்பதைத் தீர்மானிக்க.

இவ்வளவும் எழுதியதால் நான் தந்தையார் கட்சி என்று மகன்கள் எண்ணிவிடலாகாது. அவர்கள் பக்கத்தில் வலுவான வாதம் ஒன்று இருக்கிறது. விந்தை என்னவெனில், அதை அவர்கள் சொல்லுவதேயில்லை. அது பிரேக். 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய வண்டிகளுக்கெல்லாம், சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் தடுக்கும் ஏ.பி.எஸ். சாதனம் 2019 ஏப்ரல் முதல் கட்டாயமாயிற்று. சிக்கன வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு டிரம் பிரேக்கும், ஒன்றை அழுத்தினால் இரு சக்கரத்திலும் பிடிக்கும் இணைப்பு முறையும்தான். ஜூலை மாதத்து ஈரச் சாலையில், குறுக்கே ஒருவர் ஓடிவரும் வேளையில், பிரேக்கைப் பதறி அழுத்தினால் முன்சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சாயும். ஏ.பி.எஸ். உள்ள வண்டி அப்போது நேராக நிற்க வாய்ப்பு அதிகம். அகன்ற டயரின் பிடிப்பும் மெய்யான லாபமே. 2022-இல் நம் நாட்டுச் சாலை விபத்துகளில் மாண்டவர் 1,68,491 பேர். அவர்களுள் 74,897 பேர் இருசக்கர வண்டியில் சென்றவர்கள். இந்தத் தொகைக்கு முன் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்ற பேச்சு சிறுத்துப் போகிறது.

ஆனாலும் பணத்தைப் பேசாமல் முடியாது. நாளொன்றுக்கு 30 கிலோமீட்டர், ஆண்டுக்கு 300 நாள் என்றால் 9,000 கிலோமீட்டர். லிட்டருக்கு 60 தரும் வண்டிக்கு 150 லிட்டர். 40 தரும் வண்டிக்கு 225 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் வித்தியாசம் 7,500 ரூபாய், அதாவது மாதம் 625. பெரியவர்கள் அஞ்சுமளவுக்கு இது பெருந்தொகையன்று. கனமான வித்தியாசம் விலையில் இருக்கிறது: விரைவு வண்டி ஏறத்தாழ இரு மடங்கு. காப்பீட்டிலும் அப்படியே. 2018 செப்டம்பர் முதல் புது வண்டிக்கு ஐந்தாண்டு மூன்றாம் நபர் காப்பீடு சேர்த்தே எடுக்கவேண்டும். 2022-இல் அறிவித்த விகிதப்படி 150 சி.சி. வரை 3,851 ரூபாய், அதற்கு மேல் 350 வரை 7,365 ரூபாய். ஐந்து சி.சி. கூடுவதற்கு மூவாயிரத்து ஐந்நூறு!

ஆகவே எனது அபிப்பிராயம் நடுவில் நிற்கிறது. நிமிர்ந்து அமரத்தக்க கைப்பிடியும், இருவர் சரியாக அமரும் ஒரே நீள இருக்கையும், ஏ.பி.எஸ். பிரேக்கும் கொண்ட 150, 160 சி.சி. வண்டிகள் பல இருக்கின்றன. பல்ஸரும், நம் ஓசூரில் உருவாகும் அப்பாச்சியும் அத்தகையவை. முழு உறை போர்த்திய பந்தய உருவம் அவற்றுக்கு இல்லை. மகனுக்குச் சற்று ஏமாற்றமாயிருக்கும். கடையில் ஓட்டிப் பார்க்கும்போது நண்பனை அன்று, தாயாரை ஏற்றிக்கொண்டு ஓட்டிப் பார்க்கட்டும். அவர் ஏறுவதற்குப் படும் பாட்டை ஒரு தடவை கண்டால் பாதி வழக்கு அங்கேயே தீர்ந்துவிடும்.

நம்மைப் போல் ஊர் விட்டு ஊர் வந்தோர்க்கு ஒரு செய்தி மிச்சமிருக்கிறது. தமிழ்நாட்டில் பதிவான வண்டியை இங்கே பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால், அங்கிருந்து தடையின்மைச் சான்று பெற்று இங்கு மறுபதிவு செய்யவேண்டும். மாற்றலுக்குரிய மத்திய அரசு உத்தியோகஸ்தர்கள் 2021-இல் ஏற்பட்ட பி.எச். வரிசைப் பதிவைக் கேட்டுப் பெற்றால் இந்த அலைச்சல் இல்லை. வண்டியை ரயிலில் அனுப்புவோர், தாமும் அதே ரயிலில் சென்றால் லக்கேஜாகவும், இல்லையேல் பார்சலாகவும் பதியலாம். எதுவானாலும் தொட்டியிலுள்ள பெட்ரோலை முற்றிலும் வடித்துவிட்டு, விளக்கையும் கைப்பிடியையும் வைக்கோலும் சாக்கும் கொண்டு கட்டி, பதிவுச் சான்றின் நகலோடு வந்து சேருங்கள். பெட்ரோலோடு வந்து நின்று எங்களிடம் கோபித்துக்கொள்வதில் பயனில்லை.