உஷார்! வீட்டை விற்றுக் கப்பலேறாதீர்கள்

பத்து நாளில் ஒரே செய்தி எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மூன்று முறை வந்துவிட்டது. "முதியோர் இல்லத்துக்குக் கட்டுகிற பணத்தில் கப்பலில் ராஜ வாழ்க்கை! சமைக்க வேண்டாம், துவைக்க வேண்டாம், கரண்ட் பில் இல்லை, டாக்டர் கூடவே இருப்பார், தினம் ஒரு ஊர்." கீழே நீலக் கடலும் வெள்ளைக் கப்பலும். எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், வீட்டை விற்றால் தானும் மனைவியும் எத்தனை வருஷம் கப்பலில் இருக்கலாம் என்று காலண்டர் தாளின் பின்பக்கம் கணக்குப் போட்டு என்னிடம் காட்டினார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. சார், அந்தத் தாளைக் கொஞ்சம் மடித்து வையுங்கள். முதலில் இதைப் படியுங்கள்.

2023 நவம்பர் 1-ஆம் தேதி இஸ்தான்புல்லிலிருந்து ஒரு கப்பல் கிளம்புவதாக இருந்தது. மூன்று வருஷப் பயணம், 382 துறைமுகங்கள் என்று 'லைஃப் அட் சீ' என்ற பெயரில் விற்றார்கள். ஆளுக்கு வருஷத்துக்குச் சுமார் 30,000 டாலரில் ஆரம்பித்தது கட்டணம். வாங்கியவர்களில் ஓய்வுபெற்றவர்கள் நிறையப் பேர். சிலர் வீட்டை விற்றோ வாடகைக்கு விட்டோ, சாமான்களை ஒழித்துவிட்டு இஸ்தான்புல்லுக்கே வந்து சேர்ந்துவிட்டார்கள். கிளம்பும் தேதி 11 என்று தள்ளிப்போனது. பிறகு 30-ஆம் தேதி ஆம்ஸ்டர்டாமிலிருந்து என்றார்கள். கடைசியில் பயணமே ரத்து. காரணம் தெரியுமா? ஆட்களுக்கு டிக்கெட் விற்றவர்கள் கப்பலை இன்னும் வாங்கியிருக்கவே இல்லை! வாங்க நினைத்திருந்த கப்பலை வேறு கம்பெனி வாங்கிக்கொண்டு போய்விட்டது. பணத்தைத் தவணையில் திருப்பித் தருகிறோம் என்றார்கள். எழுபது வயதில் பெட்டியும் கையுமாக அந்நிய ஊரில், திரும்பிப் போக வீடில்லாமல் நிற்பதை நினைத்துப் பாருங்கள்.

அடுத்த வருஷம் இன்னொன்று. 1993-இல் கட்டிய பழைய கப்பலுக்கு 'வில்லா வீ ஒடிசி' என்று புதுப்பெயர் சூட்டி, 2024 மே கடைசியில் பெல்ஃபாஸ்ட்டிலிருந்து உலகம் சுற்றக் கிளப்புவதாக இருந்தார்கள். சுக்கானில் கோளாறு, கியர் பெட்டியில் கோளாறு. நான்கு மாதம் கப்பல் அங்கேயே கிடந்தது. பயணிகள் பகலில் ஏறிச் சாப்பிடலாம், இரவில் தங்க அனுமதி இல்லை. அது பிறகு கிளம்பிவிட்டது, மறுக்கவில்லை. ஆனால் அந்த நான்கு மாதத்தை முதுகுவலியும் மூட்டுவலியும் உள்ள ஒருவர் எப்படிக் கழிப்பார்?

கப்பலில் போவதே தப்பு என்று சொல்ல வரவில்லை. என் சித்தப்பாவும் சித்தியும் போனார்கள். நாற்பதாவது கல்யாண நாளுக்கு, கலிஃபோர்னியாவில் இருக்கும் மகன் எடுத்துக்கொடுத்த 90 நாள் பசிபிக் பயணம். சான்பிரான்சிஸ்கோவில் ஏறினார்கள். முதல் இரண்டு நாள் சித்தி அனுப்பிய படங்களைப் பார்த்து எங்களுக்கே ஆசையாக இருந்தது. விடியலில் மேல்தளத்தைச் சுற்றி நடை. காலையில் பழமும் ரொட்டியும். மத்தியானம் கப்பல் சாதத்தில் வீட்டிலிருந்து கொண்டுபோன பருப்புப்பொடி. சாயங்காலம் ஜன்னலோர நாற்காலியில் சித்தப்பாவுக்குச் செஸ், சித்திக்குக் குரோஷே. ராத்திரி கதவிடுக்கில் மறுநாள் நிகழ்ச்சித் தாளைச் செருகிவிட்டுப் போவார்கள். அறையைச் சுத்தம் செய்த பையன் கோவாக்காரன், "ஆன்ட்டி" என்றே கூப்பிட்டானாம்.

சான்பிரான்சிஸ்கோவுக்கும் ஹவாய்க்கும் நடுவே ஒரு கரை கிடையாது. நாலைந்து நாள் வெறும் தண்ணீர். இரண்டாம் நாள் ராத்திரி கப்பல் ஆடத் தொடங்கியது. சித்தப்பாவுக்குக் குமட்டல். கைப்பையில் கொடைக்கானல் பஸ்ஸுக்கு வாங்கிய வாந்தி மாத்திரை மிச்சமிருந்தது. ராத்திரி ஒன்று, நடுராத்திரியில் இன்னொன்று. அவருக்குப் புரோஸ்டேட் வீக்கம் இருக்கிறது. அந்த வகை மாத்திரைகளில் பல, அது உள்ளவர்களுக்குச் சிறுநீரை அடைத்துவிடும் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. யாரும் அவர் டாக்டரிடம் கேட்கவும் இல்லை.

காலையில் குளியலறைக்குள் போனவர் வெளியே வரவில்லை. கப்பலில் குளியலறை வாசலில் தண்ணீர் வெளியே வராமலிருக்க உயரமான நிலைப்படி வைத்திருப்பார்கள், நம் பழைய வீட்டு வாசற்படி மாதிரி. மாத்திரை மயக்கத்தில் அதில் கால் தட்டி முட்டி பெயர்ந்திருக்கிறது. "ஏங்க, கதவைத் திறங்க, என்னங்க ஆச்சு" என்று சித்தி கத்தியதைக் கேட்டு அந்தக் கோவாப் பையன்தான் ஓடிவந்து திறந்திருக்கிறான்.

கீழ்த்தளத்து மருத்துவ அறையில் குழாய் போட்டுச் சிறுநீரை எடுத்தார்கள். நல்லவர்கள், நன்றாகவே கவனித்தார்கள். ஆனால் சாயங்காலம் காய்ச்சல் வந்துவிட்டது. டாக்டர் கையை விரித்தார்: "இங்கே இதற்கு மேல் வசதி இல்லை, ஹொனலுலுவில் இறங்கிவிட வேண்டும்." இதைத்தான் எல்லோரும் கவனிக்க வேண்டும். "டாக்டர் கூடவே இருப்பார்" என்பது உண்மைதான். பெரிய கப்பல்களில் நர்ஸ், எக்ஸ்ரே, ஈ.சி.ஜி. எல்லாம் இருக்கும். சி.டி. ஸ்கேன், ஆஞ்சியோ, ரத்த வங்கி, பெரிய அறுவை சிகிச்சை இதெல்லாம் அங்கே எதிர்பார்க்காதீர்கள். வாரம் இருமுறை டயாலிசிஸ் செய்பவர் தனி ஏற்பாடு இல்லாமல் கப்பலை நினைத்தே பார்க்கக் கூடாது. நடுக்கடலில் மாரடைப்பு வந்தால் ஹெலிகாப்டர் வருமே என்பார்கள். கரைக்கு அருகில் இருந்தால் வரும். கரை ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தால் எப்படி வரும்? கப்பல் முழு வேகத்தில் போனாலும் பெரும்பாலும் மணிக்குச் சுமார் 40 கிலோமீட்டர்தான்.

ஹொனலுலு வந்ததும் சித்திக்கு மூட்டை கட்டக் கிடைத்தது இரண்டு மணி நேரம். 90 நாளுக்குக் கொண்டுபோன துணிமணி, பொடி டப்பாக்கள், மருந்துப் பெட்டி எல்லாவற்றையும் அள்ளிப் போட்டுக்கொண்டு ஆம்புலன்ஸில் ஏறினார். அன்று ராத்திரி எனக்குப் போன் செய்து, "கப்பல் போயிடுச்சுடா" என்று மட்டும் சொன்னார். பிறகு பேச்சே வரவில்லை.

"சித்தி, பாலிசி பேப்பரைப் போட்டோ எடுத்து அனுப்புங்க" என்றேன். வந்தது. ஏற்கெனவே நோய் உண்டா என்ற கேள்விக்கு 'இல்லை' என்று இருந்தது. விண்ணப்பத்தை நிரப்பியவர் ஏஜென்ட். கையெழுத்து சித்தப்பாவுடையது. ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டில் புரோஸ்டேட்டுக்கு மூன்று வருஷமாக மாத்திரை சாப்பிடுகிறார் என்று எழுதியிருந்தது. இன்ஷூரன்ஸ் மறுத்துவிட்டது. மகன் விமானம் பிடித்து ஓடி, வங்கிக் கடனில் பில்லைக் கட்டினான். மிச்சமிருந்த பயண நாட்களுக்குப் பணம் திரும்ப வரவில்லை.

தயவுசெய்து அந்தப் படிவத்தை நீங்களே நிரப்புங்கள். சர்க்கரை, பிரஷர், புரோஸ்டேட், பத்து வருஷத்துக்கு முன் வைத்த ஸ்டென்ட், ஒன்றையும் மறைக்காதீர்கள். பிரீமியம் கூடினால் கூடட்டும். கடலிலிருந்து கரைக்குக் கொண்டுபோகும் செலவு, ஊருக்குத் திருப்பி அழைத்துவரும் செலவு, சொல்லவே நா கூசுகிறது, உடலைக் கொண்டுவரும் செலவு, மூன்றும் பாலிசியில் எழுத்தில் இருக்க வேண்டும். எத்தனை நாளுக்குச் செல்லும், எந்த வயது வரை செல்லும் என்றும் பாருங்கள். பல பாலிசிகள் ஆறு மாதத்தைத் தாண்டுவதில்லை. பிறகு மூன்று வருஷக் கப்பலுக்கு அது எப்படிப் போதும்?

கரையில் இறங்கும் நாளும் ஆபத்தான நாள்தான். 2025 அக்டோபரில், ஆஸ்திரேலியாவைச் சுற்றும் 60 நாள் பயணத்தில், லிசார்ட் தீவில் குழுவோடு மலையேறிய 80 வயதுப் பெண்மணி ஒருவர் பாதியில் பின்தங்கினார். அவர் ஏறாததைக் கவனிக்காமலே கப்பல் கிளம்பிவிட்டது. பல மணி நேரம் கழித்துத் திரும்பி வந்து தேடினார்கள். மறுநாள் உடலாகத்தான் கிடைத்தார். அந்தச் செய்தி வந்த அன்று எனக்குத் தூக்கமில்லை. வயதானவர்கள் கரையில் தனியாக நடக்கவே வேண்டாம். கணவன் மனைவி இருவரில் ஒருவர் களைத்தால் இருவரும் திரும்பிவிடுங்கள். கப்பல் நேரமும் ஊர் நேரமும் சில இடங்களில் வேறாக இருக்கும். போன் தானாக ஊர் நேரத்துக்கு மாறிவிடும். எனவே கையில் ஒரு சாதாரணக் கடிகாரத்தைக் கப்பல் நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊர்க்காரர்களுக்கென்றே சில கண்ணிகள் உண்டு. பிரேசில், கென்யா போன்ற நாடுகளைத் தொட்டுவிட்டு இந்தியா திரும்பினால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்பார்கள். இல்லாவிட்டால் ஆறு நாள் வரை தனிமையில் வைப்பார்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள், போட்டுப் பத்து நாள் கழித்தே சான்றிதழ் செல்லும். ஆனால் அறுபதைத் தாண்டியவர்களுக்கு அந்த ஊசியில் பக்கவிளைவு அபாயம் கூடுதல். டாக்டரைப் பார்க்காமல் ஊசியும் போடாதீர்கள், டிக்கெட்டும் எடுக்காதீர்கள். மருந்துகளை டாக்டர் சீட்டோடு, ஒரிஜினல் அட்டையிலேயே கொண்டுபோங்கள். வலிக்கு நாம் சாப்பிடும் டிரமடால் துபாயில் கட்டுப்படுத்தப்பட்ட மருந்து.

மத்திய அரசு ஓய்வூதியர்கள் நவம்பரில் வாழ்நாள் சான்றிதழ் தர வேண்டும். கடலில் இருந்தபடி முகம் காட்டிச் செய்யலாம்தான், ஆனால் கப்பல் இன்டர்நெட் எப்போது எடுக்கும் என்று சொல்ல முடியாது. ஓ.டி.பி. வராமல் வங்கிக் கணக்கைத் தொட முடியாமல் போகும். போனைக் கப்பல் ஏறியதும் விமானப் பயன்முறையில் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் கப்பலின் சாட்டிலைட் நெட்வொர்க்கைத் தானாகப் பிடித்து, வாழ்நாளில் பார்க்காத பில் வரும்.

இன்னொன்று. விலை மலிவு என்று ஜன்னலில்லாத உள்ளறையை எடுக்காதீர்கள். 2020 பிப்ரவரியில் கொரோனாவால் யோகோஹாமாவில் 3,711 பேரோடு அடைபட்டு நின்றதே டைமண்ட் பிரின்சஸ் கப்பல், அதில் உள்ளறைக்காரர்கள் நாள்கணக்கில் ஜன்னல் வெளிச்சம்கூட இல்லாமல் கிடந்தார்கள். அந்தக் கப்பல் பயணிகளில் பெரும்பாலோர் முதியவர்கள்.

சித்தப்பா இப்போது தேறிவிட்டார். கைப்பிடித்து நடக்கிறார். சித்தி அந்த 90 நாள் நிகழ்ச்சித் தாள்களில் கிடைத்த மூன்றை மட்டும் பீரோவில் வைத்திருக்கிறார்.

தலைமையாசிரியர் சார், சனிக்கிழமை சாயங்காலம் வருகிறேன். கப்பல் கம்பெனிக்காரர்கள் ஒப்பந்தம் ஏதும் அனுப்பியிருந்தால் எடுத்து வையுங்கள். கப்பல் யார் பேரில் இருக்கிறது, நீங்கள் கட்டும் பணம் யார் கணக்கில் கிடக்கும், பயணம் ரத்தானால் எத்தனை நாளில் திரும்ப வரும் என்று வரிவரியாகப் படிப்போம். அம்மாவையும் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். அதுவரை முன்பணம் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள், வீட்டுத் தரகரிடமும் வாய் திறக்காதீர்கள்.