ஆக்சிஜன் தயாரிக்காத ஆக்சிஜன் கம்பெனி

2021 ஏப்ரலில் ஒரு சிலிண்டர் ஆக்சிஜனுக்காக நாடே அலைந்துகொண்டிருந்தது. அந்த மாதம் 19ஆம் தேதி மும்பை பங்குச்சந்தையில் பாம்பே ஆக்சிஜன் இன்வெஸ்ட்மென்ட்ஸ் என்ற கம்பெனியின் ஒரு பங்கு 24,500 ரூபாயைத் தாண்டியது. மார்ச் கடைசியில் இருந்த விலையைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். பெயரில் ஆக்சிஜன் இருந்தது, தொழிலில் இல்லை. தொழிற்சாலைகளுக்கான வாயு தயாரிப்பை அந்தக் கம்பெனி 2019 ஆகஸ்ட் 1ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. அதற்கு முன்பே, 2018இல், பெயரில் 'இன்வெஸ்ட்மென்ட்ஸ்' சேர்ந்துவிட்டது. பிறகு ரிசர்வ் வங்கியிடம் வங்கியல்லாத நிதி நிறுவனமாகப் பதிவு பெற்று, பங்குகளிலும் மியூச்சுவல் ஃபண்டிலும் பணம் போட்டு வருமானம் பார்த்துக்கொண்டிருந்தது. இதையெல்லாம் கம்பெனி மறைக்கவில்லை. அதன் இணையதளத்திலேயே எழுதியிருந்தது. இரண்டு நிமிடம் ஒதுக்கிப் படித்திருந்தால் போதும்.

கொள்ளைநோய் பயம் கிளம்பும்போதெல்லாம் சந்தையில் இது நடக்கிறது. நோய் உண்மை, பயம் உண்மை. அந்தப் பயத்தை நம்பி வாங்கப்படும் சிறு பங்கின் விலை மட்டும் பெரும்பாலும் உண்மையில்லை.

வடசென்னைக்கு இது எதற்கு?

துறைமுகம் இருக்கும் ஊரில் நோய்ச் செய்தி சீக்கிரமே வாசலுக்கு வந்துவிடும். 2020 கோடையில் சென்னை மாநகராட்சியின் 15 மண்டலங்களில் பல நாள்கள் தொற்று எண்ணிக்கையில் முதலிடத்தில் இருந்தது ராயபுரம். ஸ்டான்லி மருத்துவமனையையும் தண்டையார்பேட்டை தொற்றுநோய் மருத்துவமனையையும் பக்கத்திலேயே வைத்திருக்கும் மக்களுக்கு 'புது வைரஸ்' என்ற தலைப்பு வெறும் தலைப்பு அல்ல.

இன்னொரு காரணம் பணம் வரும் விதம். எண்ணூர், திருவொற்றியூர், மணலி ஆலைகளிலும் துறைமுகத்திலும் வேலை பார்த்து ஓய்வு பெறுகிறவர் கையில் பி.எஃப்., கிராஜுவிட்டி என்று வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் பெரிய தொகை சேர்கிறது. டெபாசிட் வாங்கி ஏமாற்றியதாகப் புகாருக்குள்ளான ஆருத்ரா கோல்டு நிறுவன விவகாரத்தில் 1 லட்சத்துக்கும் அதிகமானோரின் 2,438 கோடி ரூபாய் சிக்கியது என்பது பொருளாதாரக் குற்றப்பிரிவின் வழக்கு. அதைப் பார்த்தவர்கள், 'இனி டெபாசிட்டே வேண்டாம், செபி கண்காணிக்கிற ஷேர் மார்க்கெட் தேவலை' என்று நினைப்பது இயல்பு. ஆனால் பங்குச்சந்தை ஒழுங்காற்று அமைப்பான செபி கண்காணிப்பது விதிமீறலை. நீங்கள் கொடுக்கிற விலை நியாயமானதா என்று அது பார்ப்பதில்லை.

கொரோனா காலத்தில் ஷேர் மார்க்கெட்டின் கதவு அகலமாகத் திறந்துவிட்டது. 2020 மார்ச்சில் நாட்டில் சுமார் 4 கோடியாக இருந்த டீமேட் கணக்குகள், 2022 மார்ச்சில் கிட்டத்தட்ட 9 கோடி. கணக்குத் தொடங்க ஆதார், பான், செல்போன் போதும். அதே போனில்தான் டெலிகிராம் 'டிப்ஸ்' குரூப்பும் இருக்கிறது.

ஏறும்போது வாங்க முடியாது, இறங்கும்போது விற்க முடியாது

சிறு பங்குகளில் பலவற்றுக்கு ஒரு நாளில் 5 சதவீதத்துக்கு மேல் ஏறவோ இறங்கவோ கூடாது என்ற வரம்பு உண்டு. அப்பர் சர்க்யூட், லோயர் சர்க்யூட் என்று சொல்கிறார்களே, அதுதான். பாதுகாப்புக்காக வைத்த இந்த வேலியே பல நேரம் பொறியாகிறது.

100 ரூபாய்ப் பங்கு ஒன்று தினமும் 5 சதவீதம் ஏறினால் 15 வர்த்தக நாள்களில் 208 ரூபாய். மூன்றே வாரத்தில் இரட்டிப்பு. இந்த ஏற்றத்தில் வாங்க நினைப்பவருக்குப் பங்கு கிடைக்காது. காலையில் சந்தை திறந்ததுமே அப்பர் சர்க்யூட்டில் பூட்டிக்கொள்ளும். 'கிடைக்கவே மாட்டேங்குதே' என்ற தவிப்பு ஏறிக்கொண்டே போகும். ஒரு நாள் திடீரென்று, கேட்ட அத்தனை பங்கும் கிடைக்கும். அன்று நமக்கு அதிர்ஷ்டம் என்று தோன்றும். உண்மையில் அன்றுதான் பழைய ஆள் விற்றுவிட்டு வெளியே போகிறார்.

இறக்கம் இதைவிடக் கொடுமை. தினமும் 5 சதவீதம் குறைந்தால் 14 வர்த்தக நாள்களில் பங்கு பாதி விலைக்கும் கீழே போய்விடும். அந்த நாள்களில் உங்கள் ஆப்பைத் திறந்தால், வாங்குவோர் பத்தியில் வரிசையாகச் சுழியம் நிற்கும். விற்போர் பத்தியில் ஒரே விலையில் லட்சக்கணக்கான பங்குகள் காத்திருக்கும். விலை ஒன்றாக இருந்தால் முதலில் வந்த ஆர்டருக்கே முதலிடம். ஷிப்ட் முடித்து வந்து போனைப் பார்க்கிறவரின் ஆர்டர் அந்த வரிசையில் எங்கே நிற்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. 'ஸ்டாப் லாஸ் போட்டிருக்கிறேன்' என்பதும் இங்கே உதவாது. வாங்க ஆள் இல்லாத இடத்தில் எந்த ஆர்டரும் நிறைவேறாது.

மருந்து உண்மையாக இருந்தாலும்

பாம்பே ஆக்சிஜன் பெயரைப் பார்த்து ஏமாந்த கதை. மருந்தே உண்மையாக இருந்தால்?

2020 ஜூனில் கிளென்மார்க் நிறுவனத்தின் ஃபேபிஃப்ளூ என்ற கொரோனா மாத்திரைக்கு மத்திய மருந்துக் கட்டுப்பாட்டாளரின் அனுமதி கிடைத்தது. அடுத்த வர்த்தக நாளான ஜூன் 22 அன்று பங்கு ஒரு கட்டத்தில் 40 சதவீதம் வரை எகிறி, சுமார் 27 சதவீத உயர்வோடு முடிந்தது. மாத்திரை ஒன்று 103 ரூபாய். மூன்று வாரத்தில் கம்பெனியே அதை 75 ரூபாயாகக் குறைத்தது. சிப்லா 68 ரூபாய்க்கு வந்தது. ஆகஸ்ட் முதல் வாரத்தில் சன் பார்மா 35 ரூபாய்க்கு இறக்கியது. 2021 மே மாத இறுதியில் மத்திய சுகாதாரச் சேவைகள் இயக்குநரகம் திருத்திய வழிகாட்டுதலில், லேசான தொற்றுக்கு இந்த மருந்தே இடம்பெறவில்லை. கிளென்மார்க் சிறு கம்பெனி அல்ல, அதற்கு விற்க வேறு நூறு மருந்து உண்டு. ஒரே ஒரு மருந்தையோ ஒரே ஒரு கிட்டையோ நம்பி நிற்கும் சிறு கம்பெனியின் பங்கை உச்சத்தில் வாங்கியவர் இந்த விலைச் சரிவைத் தாங்குவாரா?

கொரோனாவுக்குப் போட்ட ரெம்டெசிவிர் ஊசி மருந்து இன்னும் பக்கத்தில் நடந்த கதை. 2021 ஏப்ரல் கடைசியில் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரியில் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அதை விற்கத் தொடங்கியபோது, மருத்துவச் சீட்டும் ஆதார் நகலும் சிடி ஸ்கேன் அறிக்கையுமாக ஜனங்கள் விடிய விடிய வரிசையில் நின்றார்கள். கூட்டம் தாங்காமல் மே மாதம் விற்பனை நேரு விளையாட்டரங்குக்கு மாறியது. சில நாள்களில் அதுவும் நிறுத்தப்பட்டு மருந்து நேராக மருத்துவமனைகளுக்கே போனது. இவ்வளவு கிராக்கி இருந்த மருந்தின் விலை ஏறியதா? இல்லை. ஏப்ரல் 17 அன்றே மத்திய அரசின் தலையீட்டால் உற்பத்தியாளர்கள் விலையைக் குறைத்துவிட்டார்கள். கேடிலாவின் மருந்து குப்பி 2,800 ரூபாயிலிருந்து 899 ரூபாய்க்கு வந்தது. உலக சுகாதார நிறுவனமோ 2020 நவம்பரிலேயே இந்த மருந்தைப் பரிந்துரைக்க முடியாது என்று சொல்லியிருந்தது. பின்னாளில்தான் சில வகை நோயாளிகளுக்கு மட்டும் பரிந்துரைத்தது.

பரிசோதனையும் இப்படித்தான். 2020 மார்ச்சில் தனியார் ஆய்வகத்தில் ஆர்டிபிசிஆர் சோதனைக்கு உச்சவரம்பு 4,500 ரூபாய். ஜூனில் தமிழ்நாடு அரசு அதை 3,000 ஆக்கியது. 2022 ஜனவரியில் 700.

இந்த மூன்றிலும் ஒரே கணக்குதான் ஓடுகிறது. நோய் பரவினால் கிராக்கி கூடும், கிராக்கி கூடினால் லாபம் கூடும் என்பது டிப்ஸ் கொடுப்பவரின் கணக்கு. நோய் பரவினால் அரசு விலையைக் கட்டும், போட்டியாளர் குவிவார், ஆய்வு முடிவு மருந்தைக் கவிழ்க்கலாம், அலை ஓய்ந்துவிடும் என்பது நடந்த கணக்கு.

வெளிநாட்டிலும் இதுதான் நடந்தது. 2020 மே 15 அன்று அமெரிக்காவின் சோரென்டோ தெரபியூடிக்ஸ் கொரோனாவுக்குத் தீர்வு இருக்கிறது என்று பேசியதில் அதன் பங்கு ஒரே நாளில் 158 சதவீதம் ஏறியது. 2023 பிப்ரவரியில் கம்பெனி திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. குரங்கம்மையை 2024 ஆகஸ்ட் 14 அன்று உலக சுகாதார அவசரநிலையாக அறிவித்தார்கள். அந்த நோய்க்கு எல்லோரும் நம்பியிருந்தது சிகா டெக்னாலஜிஸின் டெகோவிரிமாட். மறுநாளே அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் ஆய்வு முடிவு வந்தது. காங்கோவில் நடந்த பரிசோதனையில் அந்த மருந்து கொப்புளங்களைச் சீக்கிரம் ஆற்றவில்லை. பங்கு சரிந்தது. பயத்துக்கும் ஏமாற்றத்துக்கும் இடையே ஒரே நாள்.

வென்ற கம்பெனிகளை வாங்கவே முடியாது

இந்தியர்கள் பெரும்பாலும் போட்டுக்கொண்ட கோவிஷீல்டைத் தயாரித்தது சீரம் இன்ஸ்டிடியூட். கோவாக்சின் பாரத் பயோடெக்குடையது. இரண்டுமே பங்குச்சந்தையில் இல்லை. 2022இல் குரங்கம்மைக்குச் சோதனைக் கிட் உருவாக்கியதாக அறிவித்த சென்னை நிறுவனமான டிரைவிட்ரானும் பட்டியலிடப்படாத கம்பெனி. உண்மையான சரக்கு சந்தையில் இல்லாதபோதுதான், பெயரில் 'பயோ', 'லேப்', 'ஆக்சிஜன்' என்று ஒட்டியிருக்கிற எதையாவது தேடி ஜனங்கள் ஓடுகிறார்கள்.

விதிவிலக்கு இல்லையா? உண்டு. போபாலைச் சேர்ந்த கில்பெஸ்ட் இந்தியா அடிப்படையில் பூச்சிமருந்துக் கம்பெனியாக இருந்தது. அதன் துணை நிறுவனம் 3பி பிளாக்பயோ கொரோனா சோதனைக் கிட்களை உண்மையிலேயே தயாரித்து விற்றது, பணமும் வந்தது, பங்கும் பல மடங்கு ஏறியது. ஆனால் அந்தத் துணை நிறுவனம் கொரோனாவுக்கு முன்பே மூலக்கூறு சோதனைத் தொழிலில் இருந்தது. செய்தி வந்த பிறகு அந்தத் தொழிலுக்குள் நுழைந்த கம்பெனி அல்ல.

உங்களுக்கு விற்பவர் யார்?

பங்கு வாங்கும் ஒவ்வொருவருக்கும் எதிரில் விற்கும் ஒருவர் இருக்கிறார். டிப்ஸ் வந்த நாளில் அவர் ஏன் விற்கிறார் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

இதன் உள்வேலையை செபியே ஒரு உத்தரவில் விரித்திருக்கிறது. சாத்னா பிராட்காஸ்ட் மருந்துக் கம்பெனி அல்ல, ஆனால் முறை ஒன்றே. 2022 ஜூலையில் யூடியூப் சேனல்களில் அந்தக் கம்பெனியைப் பெரிய குழுமம் வாங்கப்போகிறது என்பதுபோன்ற பொய் வீடியோக்கள் வந்தன. அவற்றை ஜனங்களிடம் கொண்டுசேர்க்க விளம்பரத்துக்குக் காசும் செலவிட்டார்கள். 2,167 ஆக இருந்த சிறு பங்குதாரர் எண்ணிக்கை 55,343 ஆனது. புதிதாக வந்த அத்தனை பேரும் வாங்க வாங்க, ஏற்கெனவே குறைந்த விலையில் வைத்திருந்தவர்களும் நிறுவனர் தரப்பில் சிலரும் விற்று லாபம் பார்த்தார்கள் என்பது செபியின் முடிவு. 2023 மார்ச்சில் தடை வந்தது. தடை வரும்போது வாங்கியவர் பணம் போய் மாதங்கள் ஆகியிருந்தன.

இப்படி விற்க வாய்ப்பு தரும் பயம் அவ்வப்போது வந்துகொண்டே இருக்கிறது. 2025 ஜனவரி 6 அன்று பெங்களூருவில் இரண்டு குழந்தைகளுக்கு எச்எம்பிவி என்ற சுவாச வைரஸ் தொற்று என்ற செய்தி வந்தது. சென்னையிலும் சேலத்திலும் ஒவ்வொருவருக்குத் தொற்று இருப்பதாகத் தமிழக அரசும் சொன்னது. அன்று சென்செக்ஸ் 1,258 புள்ளிகள் விழுந்தது. அந்த வைரஸ் 2001லேயே கண்டறியப்பட்டது, இந்தியாவில் ஏற்கெனவே புழக்கத்தில் இருப்பது. சில வாரங்களில் பேச்சு அடங்கிவிட்டது. அடுத்த முறை வேறு பெயரில் வரும். அப்போதும் 'இந்த வைரஸால் லாபம் பார்க்கப்போகும் ஐந்து பங்குகள்' என்று ஒரு பட்டியல் போனுக்கு வரும்.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

எண்ணூர் அசோக் லேலண்டும் திருவொற்றியூர் எம்.ஆர்.எஃப்பும் என்ன செய்கின்றன, ஷிப்ட் எத்தனை, சரக்கு எங்கே போகிறது என்று இந்தப் பகுதிக்காரருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எம்.ஆர்.எஃப். 1946இல் திருவொற்றியூரில் பலூன் செய்யும் கொட்டகையாகத் தொடங்கியது. அதன் ஒரு பங்கு 1 லட்சம் ரூபாயைத் தொட்டது 2023 ஜூனில். பிடித்தது 77 வருடம். சிறு மருந்துக் கம்பெனியிடமும் அதே கேள்விகளைக் கேளுங்கள். ஆலை எங்கே, எதை விற்கிறது, போன வருடம் எவ்வளவு விற்றது? பதில் ஆண்டறிக்கையில் இருக்கும். பங்குச்சந்தைகளின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும்.

அதே இடத்தில் இன்னும் மூன்றைப் பாருங்கள். ஒன்று, காலாண்டுதோறும் வரும் பங்குதாரர் விவரத்தில் நிறுவனரின் பங்கு குறைகிறதா, அடமானத்தில் இருக்கிறதா. இரண்டு, பங்கு ஏஎஸ்எம், ஜிஎஸ்எம் என்ற கண்காணிப்புப் பட்டியலில் இருக்கிறதா. மூன்று, மொத்தப் பங்கில் அரை சதவீதத்துக்கு மேல் ஒருவரே விற்றால் அன்று மாலையே வெளியாகும் பல்க் டீல் பட்டியலில் யார் பெயர் இருக்கிறது.

டிப்ஸ் தருபவரிடம் செபி பதிவு எண் கேளுங்கள். ஆய்வாளரின் எண் ஐஎன்எச் என்றும் ஆலோசகரின் எண் ஐஎன்ஏ என்றும் தொடங்கும். செபி தளத்தில் சரிபார்க்கலாம். எண் தராதவரிடம் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள். தனி ஆப் இறக்கச் சொல்லி அதில் பணம் போடச் சொன்னால் அது பங்கு வர்த்தகமே அல்ல, சைபர் மோசடி. பணம் போய்விட்டால் 1930க்கு உடனே பேசுங்கள். கம்பெனி, புரோக்கர் மீதான புகாருக்கு செபியின் ஸ்கோர்ஸ் தளம் இருக்கிறது.

அன்றன்றைக்கே வாங்கி விற்றுவிடலாம் என்பவர்களுக்கு செபியின் ஆய்வு ஒன்று. 2022-23இல் பங்குகளில் தினசரி வர்த்தகம் செய்த தனிநபர்களில் பத்தில் ஏழு பேருக்கு நஷ்டம். 30 வயதுக்குக் கீழே உள்ளவர்களில் அது இன்னும் அதிகம்.

கடைசியாக ஒரு விதி. வைரஸ் செய்தி வந்த வாரத்தில், அதற்கு முன் பெயரே கேள்விப்படாத கம்பெனியின் பங்கை வாங்காதீர்கள். பட்டியலிடப்பட்ட கம்பெனி காலாண்டு முடிந்த 45 நாள்களுக்குள், நிதியாண்டின் கடைசிக் காலாண்டு என்றால் 60 நாள்களுக்குள், கணக்கு காட்டியாக வேண்டும். மருந்தோ கிட்டோ உண்மையில் விற்றிருந்தால் அந்த வருமானம் அதில் தெரியும். தெரிந்த பிறகு வாங்கினால் கொஞ்சம் கூடுதல் விலை கொடுக்க நேரலாம். தெரியாமல் வாங்கினால், பணி ஓய்வில் வந்த தொகை லோயர் சர்க்யூட்டில் மாட்டிக்கொள்ளலாம். இந்த இரண்டில் எது தாங்கக்கூடிய நஷ்டம் என்பதை ஆர்டர் போடும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.