சிறு தேசம், பெருங்கதை – 9: எஸ்டோனியா, பாட்டும் பதிவேடும்

எஸ்டோனியாவின் மக்கள்தொகை 14 லட்சத்தைத் தொடவில்லை. பரப்பளவு சுமார் 45,000 சதுர கிலோமீட்டர். அதில் பாதி காடு, கரையை ஒட்டி இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தீவுகள். கிழக்கு எல்லையில் ரஷ்யா.

இந்த மண்ணை ஆள வந்தவர்களின் வரிசை நீளமானது. 1219-ல் டென்மார்க் மன்னன் இரண்டாம் வால்டெமார் படையோடு வந்து இறங்கினான். தங்கள் நாட்டுக் கொடி அந்தப் போர்க்களத்தில்தான் வானத்திலிருந்து விழுந்தது என்று டேனியர்கள் இன்றும் கதை சொல்வார்கள். 1346-ல் அவர்களே வட எஸ்டோனியாவை ஜெர்மானிய டியூட்டானிக் வீரர்களுக்கு விற்றுவிட்டுப் போனார்கள். பிறகு சுவீடன், 1710 முதல் ரஷ்ய ஜார். கொடி எதுவானாலும் நிலம் ஜெர்மன் பிரபுக்கள் கையிலேயே இருந்தது; எஸ்டோனியன் பண்ணையடிமையாகவே கிடந்தான். அந்த முறை ஒழிய 19-ஆம் நூற்றாண்டு வரவேண்டியிருந்தது. சுவீடன் மன்னர் 1632-ல் நிறுவிய டார்ட்டு பல்கலைக்கழகம் எஸ்டோனிய மொழிப் பல்கலைக்கழகமானது 1919-ல்தான்.

1918 பிப்ரவரி 24-ல் சுதந்திரப் பிரகடனம். அடுத்து சோவியத் படையோடு போர். 1920-ல் டார்ட்டு ஒப்பந்தத்தில், இந்த மண்ணின் மீது தனக்கிருந்த உரிமைகளை என்றென்றைக்குமாகத் துறப்பதாக ரஷ்யா கையெழுத்திட்டது. அந்த 'என்றென்றைக்கும்' இருபது வருடம்தான் நின்றது. 1939-ல் ஹிட்லரும் ஸ்டாலினும் ரகசியமாகப் பங்கு பிரித்துக்கொண்டார்கள். 1940-ல் சோவியத் யூனியன் விழுங்கியதில் நாடே வரைபடத்திலிருந்து போய்விட்டது. 1941 ஜூனில் சுமார் பத்தாயிரம் பேரைச் சரக்கு ரயிலில் ஏற்றி நாடு கடத்தினார்கள். இடையில் மூன்று வருடம் ஜெர்மானிய ஆக்கிரமிப்பு. 1949 மார்ச்சில், சில நாட்களுக்குள், இருபதாயிரத்துக்கும் அதிகமானோர் சைபீரியாவுக்கு அனுப்பப்பட்டனர். பெரும்பாலோர் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள்.

அப்படியும் இந்த இனம் கரைந்துபோகவில்லை. அதற்கு முதல் காரணமாக நான் சொல்வது பாட்டை. முதல் பாடல் விழா 1869-ல் டார்ட்டுவில் நடந்தது. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை தலைநகர் டாலினில் இன்றும் நடக்கிறது. கடலோரத்துப் புல்சரிவின் அடியில் பிரம்மாண்டமான வளைவுக் கூரை. அதன்கீழ் இருபதாயிரம் பேர் ஒரே குழுவாக நின்று பாடுவார்கள். எதிரே சரிவு முழுக்கக் குடும்பம் குடும்பமாக ஜனங்கள். சரிவின் உச்சியில், மேடையைப் பார்த்தபடி, இசையமைப்பாளர் குஸ்டாவ் எர்னெசாக்ஸ் வெண்கலச் சிலையாக உட்கார்ந்திருக்கிறார். லிடியா கொய்டுலாவின் தேசபக்திக் கவிதைக்கு அவர் போட்ட மெட்டு சோவியத் காலத்தில் மறைமுக தேசிய கீதமாக இருந்தது. 1960 விழாவில், நிகழ்ச்சி நிரலில் இல்லாத அந்தப் பாட்டை மக்கள் தாங்களாகவே எடுத்துப் பாடினார்கள். 1988 செப்டம்பரில் இதே திடலில் கூடியவர்கள் சுமார் மூன்று லட்சம் பேர். மறுவருடம் ஆகஸ்ட் 23-ல் டாலினிலிருந்து லாட்வியாவின் ரீகா வழியாக லிதுவேனியாவின் வில்னியஸ் வரை, 600 கிலோமீட்டருக்கும் அதிகமாக, மூன்று நாட்டு மக்கள் கைகோத்து நின்றார்கள். 1991 ஆகஸ்ட் 20-ல் சுதந்திரம் திரும்பியது.

கைக்கு வந்த நாடு காலியாக இருந்தது. 1992-ல் ரூபிளைக் கைவிட்டு, எட்டு குரோன் ஒரு ஜெர்மன் மார்க் என்று சொந்த நாணயத்தைக் கட்டிவைத்தார்கள். அந்த வருடம் பிரதமரான மார்ட் லாருக்கு வயது 32. 1996-ல் தொடங்கிய 'புலிப் பாய்ச்சல்' திட்டம் பள்ளிகளுக்குக் கணினியும் இணையமும் கொண்டுபோனது. ஸ்கைப் மென்பொருளை எழுதியவர்கள் எஸ்டோனிய இளைஞர்கள். இன்றைக்கு ஓட்டைக்கூட வீட்டிலிருந்தே போடலாம். அடையாள அட்டையைக் கணினியில் செருகி, ஒரு பின் நம்பரால் தான் யாரென்று காட்டி, இன்னொன்றால் கையெழுத்திட வேண்டும். மிரட்டி ஓட்டு வாங்கினால்? முன்கூட்டிய வாக்குப்பதிவு முடியும்வரை எத்தனை முறையும் மாற்றிப் போடலாம்; கடைசி ஓட்டே செல்லும். 2023 நாடாளுமன்றத் தேர்தலில் பாதிக்கும் மேற்பட்ட ஓட்டுகள் இப்படி விழுந்தவை.

டாலினின் பழைய நகரத்தை எல்லாரும் பார்ப்பார்கள். 1422-லேயே ஆவணத்தில் இடம்பெற்ற மருந்துக்கடை அங்குள்ள சதுக்கத்தில் இன்னும் இருக்கிறது. ஆனால் எஸ்டோனியா புரிய, கிழக்கு எல்லையிலுள்ள நார்வாவுக்குப் போகவேண்டும். ஆற்றின் இக்கரையில் ஒரு கோட்டை, அக்கரையில் ரஷ்யாவின் கோட்டை, நடுவே பாலம். ஊரில் பெரும்பாலோர் ரஷ்ய மொழி பேசுகிறவர்கள். எண்ணெய்ப் பாறையை வெட்டி எரித்து நாட்டுக்கு மின்சாரம் கொடுத்த வட்டாரம் இது. சோவியத் காலத்தில் குடியேறியவர்களுக்குச் சுதந்திர எஸ்டோனியா தானாகக் குடியுரிமை தரவில்லை. மொழித் தேர்வு எழுதச் சொன்னது. எந்த நாட்டுக்கும் குடிமகனாக இல்லாமல் சாம்பல் நிறப் பாஸ்போர்ட்டோடு இருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அழிந்துவிடுவோமோ என்ற பயத்தை நான் மதிக்கிறேன். அதற்காக, அந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்த தலைமுறையையும் வெளியே நிறுத்தியது தவறுதான்.

அந்தப் பயம் இன்னும் போகவில்லை. 2007-ல் இணையத் தாக்குதலால் வங்கிகளும் அரசுத் தளங்களும் முடங்கின. 2025 பிப்ரவரியில் ரஷ்ய மின்தொகுப்பிலிருந்து கம்பியைத் துண்டித்துக்கொண்டார்கள். அதற்கு முன்பே, 2017-ல் லக்சம்பர்க்கோடு ஓர் ஒப்பந்தம். அங்குள்ள ஒரு தரவு மையத்தில் எஸ்டோனியாவுக்கென்று தனி அறை. தூதரகத்துக்குரிய பாதுகாப்பு அதற்கும் உண்டு. மக்கள் பதிவேடு, நிலப் பதிவேடு, அரசிதழ், நீதிமன்ற ஆவணங்கள் இவற்றின் நகல்கள் அங்கே இருக்கின்றன. இன்னொரு 1940 வந்தாலும், குடிமக்கள் யார், எந்த நிலம் யாருடையது என்பதற்கு அந்த அறையில் சாட்சி இருக்கும்.

அடுத்த வாரம் தெற்கே இறங்கி லாட்வியா.

(தொடரும்)